ஒளியைத் தானே அளந்து சொல்லும் எஸ்எஃப்பி தொகுதிகள்: சுங்கை சிப்புட்டில் ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கடந்த ஏழு மாதங்களாக, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தின் பின்னறையில், சனிக்கிழமைதோறும் ஒரு சிறிய ஒளியிழைச் சோதனைக்களம் இயங்கி வருகிறது. அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட மேசைக்கணினிகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் இரட்டைத் துளை வலையட்டை ஒன்று, நான்கு எஸ்எஃப்பி தொகுதிகள், குத்தகை வேலையில் மிஞ்சிய ஒரு கிலோமீட்டர் ஒளியிழைச் சுருள், திருகினால் ஒளியைக் குறைக்கும் கருவி ஒன்று ஆகியவைதாம் அதன் மொத்த உடைமை. இந்த மதிப்புரை அந்த நான்கு எஸ்எஃப்பி தொகுதிகளைப் பற்றியது. சுண்டுவிரல் அளவே உள்ள இந்த உலோகப் பெட்டிகள் மின்குறிகளை ஒளியாகவும் ஒளியை மின்குறிகளாகவும் மாற்றுபவை என்பது வலையமைப்பு வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். அவை அனுப்பும் ஒளியையும் வாங்கும் ஒளியையும் தாமே அளந்து, கேட்கும்போதெல்லாம் சொல்லக்கூடியவை என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் அப்படிக் கேட்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்ததில்லை.

பேராக் மாநிலத்தில் பதினாறு ஆண்டுகளாக ஒளியிழை இணைப்பு வேலை செய்து வருகிறேன். சாலையோரத்தில் கூடாரம் போட்டு இழைகளை உருக்கி ஒட்டுவோம், மீட்டரைச் செருகி ஒளியின் அளவைப் பார்ப்போம், எண்ணைத் தாளில் எழுதிக் கையெழுத்திடுவோம், அடுத்த இடத்துக்குப் போவோம். அந்த எண் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டுமே உரியது. மறுநாள் செம்பனை லாரி வடத்தை இழுத்திருக்கலாம், ஒரு மாதத்தில் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருக்கலாம், மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். வாடிக்கையாளர் புகார் செய்யும்வரை அந்த இழைக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு வரும் படிவம் ஐந்து மாணவர்களுக்கும் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் வலையமைப்பைக் கற்பிக்கத் தொடங்கியபோது, போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒளியைப் பார்க்கவும், பார்த்ததை வைத்து உடனே முடிவெடுக்கவும் அவர்கள் பழக வேண்டும் என்று விரும்பினேன். அதற்காகத்தான் இந்தத் தொகுதிகளை வாங்கினேன்.

பெரிய ஆய்வுக்கூடங்கள் இதே விருப்பத்தோடு நெடுங்காலமாக உழைத்து வருகின்றன. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் நடந்த ஜெனி என்ற சோதனை வலையமைப்புத் திட்டத்துக்குள், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கெரன் பெர்க்மன் குழு, ஒளியடுக்கின் (இழையில் ஒளி ஓடும் கீழ்த்தளத்தின்) நிகழ்நேர அளவீடுகளை, செய்திகளை வழிநடத்தும் மேலடுக்குகளுக்குக் கொண்டு சேர்ப்பதையே தன் பணியாக எடுத்துக்கொண்டது. வட கரோலினாவில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் பென் என்ற இன்னொரு களத்தின் முழுப் பெயரிலேயே ‘உடைக்கக்கூடிய சோதனை வலையமைப்பு’ என்ற பொருள் இருக்கிறது. அந்தப் பெயரைப் படித்த அன்று எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சம்பளத்துக்கு வேலை செய்யும் வடத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறாக வளைத்தால்கூடப் பதில் சொல்ல வேண்டும். உடைப்பதற்கென்றே ஒரு வலையமைப்பு இருந்தால்தான் உடைவது எப்படி என்று கற்க முடியும். அங்கே பல நகரங்களுக்கு நீண்ட இழைகளும் விலையுயர்ந்த ஒளி மாற்றிகளும் உண்டு. நமக்குத் தகரக் கூரையும் ஒரு மேசையும் உண்டு. அளந்து, முடிவெடுத்து, பாதையை மாற்றும் அந்தச் சுற்றை இந்த மேசையிலேயே முழுமையாக ஓட்டிப் பார்க்கலாம் என்பதை ஏழு மாதங்களில் உறுதி செய்துகொண்டேன்.

இனித் தொகுதிகளுக்கு வருவோம். நான் வாங்கியவை இரண்டு வகை. ஒரு சோடி 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் 10 கிலோமீட்டர் தூரத்துக்கானது. மற்றச் சோடி 1550 நானோமீட்டரில் 80 கிலோமீட்டருக்கானது. இரண்டும் நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தவை. இரண்டிலும் டிடிஎம் எனப்படும் உள்ளளவீட்டு வசதி உண்டு. எஸ்எஃப்எஃப்-8472 என்ற பொதுத்தரம் இந்த வசதிக்கு ஐந்து எண்களை வகுத்திருக்கிறது: தொகுதியின் வெப்பநிலை, அதற்கு வரும் மின்னழுத்தம், லேசருக்குள் பாயும் மின்னோட்டம், வெளியே அனுப்பும் ஒளியின் திறன், உள்ளே வாங்கும் ஒளியின் திறன். லினக்ஸ் கணினியில் ஈத்டூல் என்ற கட்டளையைக் கொடுத்தால் இந்த ஐந்தும் திரையில் வந்துவிடுகின்றன. அவற்றோடு தயாரிப்பாளர் குறித்துவைத்த எச்சரிக்கை எல்லைகளும் சேர்ந்தே வருகின்றன. தனி மென்பொருளோ உரிமக் கட்டணமோ தேவையில்லை.

முதல் நாள் வகுப்பில் பிள்ளைகள் இணைப்பானின் முனையைக் கைப்பேசிக் கேமராவில் பார்க்க முயன்றார்கள். தொலைக்காட்சி ரிமோட்டின் விளக்கு கேமராவில் ஊதா நிறமாகத் தெரியுமே, அதுபோல் இதுவும் தெரியும் என்று நினைத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. கேமராவின் சிலிக்கன் 1310 நானோமீட்டர் ஒளியை உணராது; நம் கண்ணும் உணராது. கண்ணுக்குத் தெரியாத ஒளி கண்ணைக் கெடுக்காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால், இழை முனையை நேராகப் பார்க்கக் கூடாது என்ற விதியை அன்றே சுவரில் எழுதி ஒட்டினோம். பிறகு கட்டளையைக் கொடுத்தோம். டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டைச் சுழியாக வைத்து டெசிபெல்லில் சொல்லும் ஒளித்திறன்; எண் சுழிக்குக் கீழே இறங்க இறங்க ஒளி குறைவு. அனுப்பும் ஒளி −5.9 டிபிஎம், ஒரு கிலோமீட்டர் சுருளைக் கடந்து வந்து சேர்ந்த ஒளி −7.0 டிபிஎம். நடுவில் இழந்தது 1.1 டெசிபெல். இந்த அலைநீளத்தில் இழை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.35 டெசிபெல்லை விழுங்கும், மிச்சம் இணைப்பான்களுடையது. கரும்பலகையில் போட்ட கணக்கும் திரையில் வந்த எண்ணும் ஒத்துப்போனதைக் கண்டதும், ஒரு மாணவன் இழையைக் கழற்றி, முனையை விரலால் தொட்டுவிட்டு மீண்டும் செருகினான். எண் −8.6 ஆயிற்று. ஒற்றைமுறை இழையின் ஒளி ஓடும் மையம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர்தான். விரலின் எண்ணெய்ப் பசை அதை மூடுவதற்குப் போதும். துடைப்பானால் ஒருமுறை துடைத்ததும் −7.1க்குத் திரும்பியது. இணைப்பானைத் தொடாதே என்று நான் பத்து வாரம் சொல்லிப் பயனில்லாமல் போயிருக்கக்கூடிய பாடத்தை அந்த 1.6 டெசிபெல் ஒரு நிமிடத்தில் நடத்திவிட்டது.

ஆயினும் இந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பொதுத்தரம் ஒளித்திறன் அளவீட்டுக்கு 3 டெசிபெல் வரை கூடுதலோ குறைவோ அனுமதிக்கிறது. மூன்று டெசிபெல் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேலைக்கு எடுத்துச் செல்லும், முறையாகச் சரிபார்க்கப்பட்ட மீட்டரோடு நான்கையும் ஒப்பிட்டேன். ஒன்று 1.2 டெசிபெல் குறைத்துச் சொன்னது, இன்னொன்று 2.4 டெசிபெல் கூட்டிச் சொன்னது. மற்ற இரண்டும் ஒரு டெசிபெல்லுக்குள் அடங்கின. எல்லாமே தரத்துக்கு உட்பட்டவைதாம். ஆனால் இந்த எண்ணை வைத்து ஒரு குத்தகை வேலையை ஒப்படைக்க முடியாது. ஒளியை 5 டெசிபெல் குறைக்கும் அளவுள்ள துண்டை நடுவில் செருகியபோது நான்கும் 4.8 முதல் 5.1 வரை குறைந்ததாகக் காட்டின. அதாவது, இருக்கும் அளவைச் சொல்வதில் தடுமாறுபவை, மாறிய அளவைச் சொல்வதில் உறுதியாக இருக்கின்றன.

எனக்கு இதைப் பார்த்ததும் தோட்டத்துப் பால் ஸ்டோர்தான் நினைவுக்கு வந்தது. அம்மா பால்மரம் வெட்டியவர். வாளியைக் கொண்டுபோய் வைத்ததும் கிராணி மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை ரப்பர்ப் பாலுக்குள் விட்டு, அது எந்தக் கோடுவரை அமிழ்கிறது என்று பார்த்துத்தான் உலர்ந்த ரப்பரின் அளவைக் குறிப்பார். அந்தக் கோடு சரியா என்று கேட்கும் இடத்தில் யாரும் இல்லை. “அவரு சொல்ற நம்பர விடுப்பா, நேத்துக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம்னு பாரு, ஒரே மரம், ஒரே கருவி, திடீர்னு கொறஞ்சா ஏன்னு கேக்கணும்” என்று அம்மா சொல்வார். டிடிஎம் எண்களைப் படிக்கும் முறையும் இதேதான். ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் இயல்பான அளவு எது என்று முதல் வாரத்திலேயே குறித்துக்கொண்டு, பிறகு அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். ஒரு தொகுதியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவது வீண்.

வளைவுச் சோதனைதான் வகுப்பில் அதிகம் பேரைக் கவர்ந்தது. வெள்ளைப் பலகைக்கு எழுதும் தடித்த பேனாவில் மஞ்சள் இழையை மூன்று சுற்றுச் சுற்றினோம். 1310 தொகுதியில் 0.4 டெசிபெல்தான் குறைந்தது. அதே இழையில் 1550 தொகுதியைச் செருகியபோது 5 டெசிபெல்லுக்கு மேல் குறைந்தது. அலைநீளம் கூடக் கூட ஒளி மையத்தை விட்டு வெளியே பரந்து நிற்பதால், வளைவில் எளிதாகச் சிந்திப்போகிறது. கூடாரத்தில் 1310இல் மட்டும் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று மூடிய பெட்டியில், உள்ளே நெருக்கிச் சுருட்டிய இழை 1550இல் காட்டிக்கொடுக்கும். வேலையில் இரண்டு அலைநீளத்திலும் அளக்கச் சொல்வது இதனால்தான் என்பதை, எத்தனையோ புதிய தொழிலாளர்களுக்கு வாயால் விளக்கியிருக்கிறேன். இப்போது பேனாவைக் கொடுத்துவிடுகிறேன். வளைவைத் தாங்கும் ஜி.657 ஏ2 வகை இழையை அதே பேனாவில் சுற்றினால் எண் அசைவதே இல்லை என்பதையும் சேர்த்துக் காட்டினால் பாடம் நிறைவடைகிறது.

வெப்பநிலையையும் லேசர் மின்னோட்டத்தையும் நான் முதலில் பெரிதாக எண்ணவில்லை. தகரக் கூரை கற்றுக்கொடுத்தது. காலை ஒன்பது மணிக்கு 1310 தொகுதி 41 பாகை செல்சியஸில் இருந்தது, மின்னோட்டம் 17 மில்லியாம்பியர். பிற்பகல் இரண்டரை மணிக்கு 60 பாகை, 23 மில்லியாம்பியர். அனுப்பும் ஒளி மட்டும் காலையில் இருந்த அளவிலேயே நின்றது. சூடேறும்போது லேசர் அதே ஒளியைத் தர அதிக மின்னோட்டம் கேட்கும். தொகுதிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று அதைக் கொடுத்து ஒளியை நிலைநிறுத்துகிறது. மூப்படையும் லேசரும் இப்படியே நடந்துகொள்ளும். ஆகவே ஒளித்திறன் மாறாமல் இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவதைவிட, ஒரே வெப்பநிலையில் மின்னோட்டம் மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் வரப்போகும் பழுதை முன்கூட்டியே சொல்லும். சாதாரண வணிகத்தரத் தொகுதிகள் 70 பாகைவரைதான் உறுதியளிக்கின்றன. மலேசிய வெயிலில், காற்றோட்டமில்லாத சாலையோரப் பெட்டியில் வைப்பதாக இருந்தால் 85 பாகைவரை தாங்கும் தொழில்துறைத் தரத்தை வாங்குவதுதான் முறை. அந்த விலை வேறுபாட்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இந்தத் தொகுதிகளை வாங்கியதன் முழுப் பயன் அடுத்து நான் சொல்லப்போகும் சோதனையில்தான் கிடைத்தது. இரு கணினிகளுக்கும் இடையே இரண்டு பாதைகள் அமைத்தோம்: முதற்பாதை 1310, மாற்றுப்பாதை 1550. முதற்பாதையில் திருகு வகை ஒளிக்குறைப்பானைச் செருகி, ஒரு மாணவி அதை மெல்ல மெல்லத் திருகினார். இன்னொருவர் நொடிக்குப் பத்து பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பினார். −20 வரை ஒன்றும் நடக்கவில்லை. −23 டிபிஎம் தாண்டியதும் பழுதாக வந்த தரவுச் சட்டகங்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது, பிங் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைந்தது. ஆனால் வலையட்டையின் விளக்கு பச்சையாகவே எரிந்தது; இயங்குதளமும் இணைப்பு நன்றாக இருக்கிறது என்றே சொன்னது. −24.5 அளவில்தான் இணைப்பு அறுந்ததாக இயங்குதளம் உணர்ந்து மாற்றுப்பாதைக்குப் போனது. அந்த ஒன்றரை டெசிபெல் இடைவெளியில், ஆயிரத்து இருநூறு பிங்கில் 61 தொலைந்திருந்தன.

“அண்ணே, பச்ச வெளக்கு எரியுது, ஆனா வேல நடக்கல” என்று அந்த மாணவி சொன்னபோது, எத்தனை வீடுகளின் முன்கூடத்தில் இதே நிலையைப் பார்த்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன். காணொளி நின்று நின்று ஓடும், பிள்ளையின் இணைய வகுப்பு அறுந்து அறுந்து வரும், சேவை மையத்தை அழைத்தால் “பெட்டியில் விளக்கு பச்சையாக இருக்கிறதா?” என்று கேட்பார்கள், ஆம் என்றால் எங்கள் பக்கம் கோளாறில்லை என்று வைத்துவிடுவார்கள். கீழடுக்கில் ஒளி தேய்ந்துகொண்டிருப்பது மேலடுக்குக்குத் தெரியாது; மேலடுக்கில் தரவுப் பொட்டலங்கள் தொலைவது கீழடுக்குக்குத் தெரியாது. ஒவ்வோர் அடுக்கும் தன் வேலையை மட்டும் பார்க்கும்படி வலையமைப்பைப் பிரித்து வைத்ததால்தான் இணையம் இவ்வளவு பெரிதாக வளர முடிந்தது என்பது உண்மையே. அந்தப் பிரிப்பின் விலையை இப்படிப்பட்ட இடத்தில் கொடுக்கிறோம். ஆய்வுக்களங்களில் அடுக்கிடைக் கட்டுப்பாடு என்று சொல்லப்படுவது, இந்தச் சுவரில் ஒரு சன்னல் வைக்கும் வேலைதான்.

எங்கள் சன்னல் நாற்பது வரியில் எழுதிய ஒரு பைத்தான் நிரல். நொடிக்கு ஒருமுறை உள்வரும் ஒளியைக் கேட்கும். இயல்பு அளவிலிருந்து 3 டெசிபெல்லுக்கு மேல் தொடர்ந்து மூன்று முறை குறைந்திருந்தால், இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கும்போதே போக்குவரத்தை மாற்றுப்பாதைக்குத் தள்ளிவிடும். பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டும் லினக்ஸின் பாண்டிங் வசதியில் எந்தப் பாதை செயலில் இருக்க வேண்டும் என்பதை ஒரு வரியில் மாற்றலாம் என்பதால், வேறு கட்டுப்பாட்டுக் கருவி தேவைப்படவில்லை. அதே வேகத்தில் திருகிப் பார்த்தோம். ஆயிரத்து இருநூறில் ஒன்றும் தொலையவில்லை. பழுது பயனரைத் தொடும் முன்பே வழி மாறிவிட்டது.

முதல் முயற்சியிலேயே இது கைகூடியதாகச் சொல்லமாட்டேன். முதலில் எழுதிய நிரலில், ஒளி 3 டெசிபெல் குறைந்தால் போ, திரும்ப ஏறினால் வா என்று மட்டும் இருந்தது. எல்லைக்கு அருகில் யாரோ மேசையில் சாய்ந்தபோது, ஒரு நிமிடத்தில் பதினான்கு முறை இரண்டு பாதைகளுக்கும் இடையே ஊசலாடியது. கட்டுப்பாடே இல்லாமல் இருந்ததைவிட நிலைமை மோசமாயிற்று. போவதற்கு மூன்று நொடி, திரும்புவதற்கு ஒளி ஒரு நிமிடம் முழுக்க நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டுக்கும் வெவ்வேறு அளவுகோல் வைத்த பிறகே அடங்கியது. அடுக்குகளுக்கு இடையே செய்தியைக் கடத்துவது எளிது. அந்தச் செய்தியைக் கேட்டு எவ்வளவு பொறுமையோடு நடந்துகொள்வது என்பதில்தான் முழு உழைப்பும் இருக்கிறது. ஏழு மாதங்களில் நான்கு மாதம் அதற்கே போயிற்று.

வேகத்தைப் பற்றியும் ஒரு வரம்பைச் சொல்ல வேண்டும். நொடிக்கு ஒருமுறை என்பதைப் பத்து முறையாக்கிப் பார்த்தபோது, ஒரே எண் பலமுறை திரும்பத் திரும்ப வந்தது. தொகுதி தன் அளவீட்டைப் புதுப்பிக்கும் வேகமே அவ்வளவுதான். இழையைக் கத்தரியால் நறுக்கினால் இந்த நிரலுக்கு வேலையே இல்லை; ஒளி அறுந்ததை வன்பொருள் நிரலுக்கு முன்பே உணர்ந்து மாறிவிடுகிறது. மெல்லத் தேயும் பழுதுகளுக்கு, அதாவது அழுக்கு, ஈரம், வளைவு, இறுக்கம், மூப்பு போன்றவற்றுக்குத்தான் டிடிஎம் பயன்படும். நம் பகுதியில் நான் பார்க்கும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்த இனத்தைச் சேர்ந்தவை என்பதால், இந்தக் குறையை நான் பொறுத்துக்கொள்கிறேன். ஒளியே இல்லாதபோது சில தொகுதிகள் −40 டிபிஎம் என்று காட்டும். அளவீட்டின் மிகச் சிறிய படி 0.1 மைக்ரோவாட் என்பதால் வரும் எண் அது, உண்மையான ஒளியன்று. நிரல் எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தத் தொகுதிகளால் முற்றிலும் முடியாத ஒன்றும் உண்டு. இவை வந்து சேரும் ஒளி முழுவதையும் ஒரே குவியலாக அளக்கின்றன. அதில் எவ்வளவு செய்தி, எவ்வளவு இரைச்சல் என்று பிரித்துச் சொல்லா. ஒரு கிலோமீட்டர் இழையில் அது பொருட்டில்லை. நெடுந்தொலைவுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு 80 கிலோமீட்டரிலும் ஏறத்தாழ 16 டெசிபெல் இழந்து, ஒளியை வலுவாக்கும் எர்பியம் பெருக்கி அந்த 16 டெசிபெல்லைத் திருப்பித் தரும். கூடவே தன் இரைச்சலையும் சேர்க்கும். திறன் எண் கடைசிவரை மாறாது, செய்தி மட்டும் இரைச்சலில் அமிழ்ந்துகொண்டே போகும். ஒவ்வோர் அலைவரிசையும் 0 டிபிஎம்மில் புறப்பட்டு, பெருக்கியின் இரைச்சல் எண் 5.5 டெசிபெல் என்று வைத்துக் கரும்பலகையில் கணக்கிட்டோம்: ஒரு கண்ணிக்குப் பின் (80 கிலோமீட்டர் இழையும் ஒரு பெருக்கியும் சேர்ந்தது ஒரு கண்ணி) செய்தி-இரைச்சல் விகிதம் 36.5 டெசிபெல், ஆறு கண்ணிகளுக்குப் பின் 28.7. கண்ணிகள் இரட்டிக்கும்போதெல்லாம் 3 டெசிபெல் போகும். இதை நேரில் அளக்கத் தேவையான ஒளி நிறமாலை அளவி நம் கைக்கு எட்டாத விலை.

அந்த இடத்தை மினிநெட்-ஆப்டிகல் என்ற திறமூல மென்பொருள் நிரப்புகிறது; அதனால் இந்த மதிப்புரையில் அதற்கும் இடம் தர வேண்டும். 2010இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்து வந்த மினிநெட், ஒரு முழு வலையமைப்பையே மடிக்கணினிக்குள் ஓட்ட வழிசெய்தது. அதை ஆக்கியவர்களில் ஒருவரான பாப் லான்ட்ஸும், டான் கில்பர், மார்கோ ருஃபினி உள்ளிட்டோரும் சேர்ந்து ஒளியடுக்கையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். பெருக்கிகள், அலைவரிசை திருப்பும் ரோடம் கருவிகள், இழைக்கண்ணிகள், இரைச்சல் அளவிகள் எல்லாம் நிரலாகவே கிடைக்கின்றன. பொட்டலங்களும் ஓடும், அவற்றைச் சுமக்கும் ஒளியின் தரமும் கணக்கிடப்படும் என்பதால், மேசையில் செய்த அதே அடுக்கிடைச் சோதனையை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நீட்டிப் பார்க்கலாம். எங்கள் கரும்பலகைக் கணக்கோடு ஒரு டெசிபெல்லுக்குள் ஒத்துப்போனது; இழையின் நேரியல்பற்ற விளைவுகளையும் சேர்த்தால் விகிதம் இன்னும் குறைவதைக் காட்டியது. லினக்ஸும் நிர்வாகி உரிமையும் கொஞ்சம் பைத்தான் பழக்கமும் வேண்டும். படிவம் ஐந்து மாணவர்களுக்கு முதலில் இதைக் கொடுக்கமாட்டேன். உண்மையான இழையைப் பேனாவில் சுற்றி, விரலால் அழுக்காக்கி, ஒளி தேய்வதை ஒருமுறை பார்த்த பிறகு கொடுத்தால், திரையில் வரும் எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வாங்கும்போது பட்ட சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் டிடிஎம் உண்டு என்று எழுதி விற்ற ஒரு சோடி, ஐந்து எண்களுக்கும் சுழியையே காட்டியது. உறையில் வசதி இருந்தது, உள்ளே இல்லை. விற்றவர் இரண்டு வாரம் இழுத்தடித்துப் பணத்தைத் திருப்பினார். வலையட்டைகளில் ஒன்று தன் தயாரிப்பாளரின் தொகுதிகளை மட்டுமே ஏற்பேன் என்று பிடிவாதம் பிடித்தது. இயக்கி மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்றிய பிறகே வழிக்கு வந்தது. மிகப் பெரிய இழப்பு என் கவனக்குறைவால் நேர்ந்தது. 80 கிலோமீட்டர் தொகுதி 0 முதல் 5 டிபிஎம் வரை ஒளி வீசும், ஒளியை ஏற்கும் அதன் வாங்கியோ −3 டிபிஎம்முக்கு மேல் தாங்காது. இரண்டு மீட்டர் இழையில் நேருக்கு நேர் இணைத்துவிட்டு மதிய உணவுக்குப் போனோம். திரும்பி வந்தபோது ஒரு தொகுதியின் வாங்கி செவிடாகியிருந்தது. அதற்கு மாற்று வாங்க 85 ரிங்கிட் ஆயிற்று. இப்போது இருபுறமும் 10 டெசிபெல் குறைப்பான் இல்லாமல் அந்தச் சோடியைத் தொட யாருக்கும் அனுமதியில்லை.

செலவைப் பார்ப்போம். 1310 தொகுதி ஒன்று 28 ரிங்கிட், 1550 தொகுதி ஒன்று 85, பழைய வலையட்டைகள் இரண்டும் 220, திருகுக் குறைப்பான் 95, நிலையான குறைப்பான்கள் இரண்டும் 30, இழைகளும் துடைப்பானும் 60. கெட்டுப்போனதைச் சேர்க்காமல் மொத்தம் 631 ரிங்கிட். கணினிகள் இலவசமாக வந்தன. முறையான ஒளித்திறன் மீட்டருக்கு இவை மாற்று ஆகா. குத்தகை வேலைக்கு மீட்டரைத்தான் வாங்க வேண்டும். தனியாகப் படிப்பவர், பள்ளியில் கணினிக் கழகம் நடத்தும் ஆசிரியர், பாலிடெக்னிக்கில் இறுதியாண்டுத் திட்டம் தேடும் மாணவர் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பணம் போதாதென்றால் 1550 சோடியை விட்டுவிட்டு இரண்டு 1310 சோடிகளோடு தொடங்கலாம். வளைவுப் பாடம் மட்டும்தான் குறையும், கட்டுப்பாட்டுச் சோதனை முழுமையாகவே கிடைக்கும். விற்பவரிடம் பணம் கட்டும் முன், தொகுதியைக் கணினியில் செருகி ஐந்து எண்களும் திரையில் தெரியும் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.